கவர்மென்ட் சங்கு

"லீலா, சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சங்கு ஊதணும்னு கவர்மென்ட் ஆர்டர். சரோஜினி நகர் வரைக்கும் கேக்கோணும். அக்கம்பக்கத்துல சொல்லி வெச்சிரு!"

1971. போர்ப் பேச்சு அடிபட்ட நேரம். விமானத் தாக்குதலை எச்சரிக்கும் சைரன்களைச் சோதிக்கும் அலுவலகத்தில் சென்னியப்பன் கிளார்க். மில் சைரனைச் 'சங்கு' என்றே சொல்லும் கோயமுத்தூரில் வளர்ந்தவர். டில்லியிலேயே பிறந்த அவர் மனைவி லீலாவதி, "அச்சா, சொல்லிடறேன்" என்று தலையாட்டினாள்.

மாலையில் அலுவலக போன் ஓயவில்லை. அவர்கள் குடியிருந்த மோதி பாக்கில் காதைப் பிளந்ததாம். சரோஜினி நகரில் தூங்கிய குழந்தைகள் எழுந்து அழுதனவாம்.

"சபாஷ்! அடுத்த வாரம் மந்திரி முன்னால ஊதிக் காட்டிடலாம்" என்று ஆபீசர் சென்னியப்பனின் முதுகில் தட்டினார்.

அப்போதுதான் சைரன் வைத்திருந்த மோதி பாக் மொட்டைமாடியிலிருந்து மெக்கானிக் வந்து சேர்ந்தான்.

"மாஃப் கரோ சாப். மோட்டார் புகைஞ்சு போச்சு. சைரன் ஊதவே இல்லை."

சென்னியப்பன் வீட்டுக்கு ஓடினார்.

"லீலா, அஞ்சு மணிக்கு என்ன கேட்டுது?"

"சங்குதான்! தமிழ்ல சங்குன்னா ஹிந்தியில ஷங்க்தானே? வீடு வீடாப் போய், 'ஷங்க் பஜானா ஹை, சர்க்காரி ஆர்டர்'னு சொன்னேன். தினம் பூஜையில சங்கு ஊதற நம்ம பெங்காலி மாமிங்க சரோஜினி நகர் சொந்தக்காரங்க வரைக்கும் சொல்லி அனுப்பிட்டாங்க. அத்தனை பேரும் பூஜை ரூம் சங்கை எடுத்து ஒண்ணா ஊதினாங்க பாருங்க!"

சென்னியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அய்யோ, அடுத்த வாரம் மந்திரி வர்றாரே!"

"அதுக்கென்னங்க? எத்தனை மாமி வேணும், ஜல்தி சொல்லுங்க!"