பச்சைக் கேபினட்டின் சாவி

கதிர்வேல், பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்யும் தொழிலகம் ஒன்றில் படம் வரைபவன். எல்லோருக்கும் முன்னதாக அலுவலகத்துக்கு வந்து, பென்சில்களைக் கூர்மையாகச் சீவி உயர வரிசையில் அடுக்கிவிட்டு, எதிர் மேசைக்குரிய தெய்வாத்தாள் வரும்வரை வாசலையே நோக்கியிருப்பது அவன் வழக்கம். அண்மையில் இன்னொரு வழக்கமும் அவனிடம் சேர்ந்திருந்தது. அவளுடைய மேசைக்கு ஸ்டோர்ஸ் தம்பிதுரை எத்தனை முறை வந்துபோகிறான் என்பதை எண்ணிக்கொண்டிருப்பான்.

தெய்வாத்தாள் வெள்ளகோவில் பக்கத்துப் பெண். கோப்புகளைக் காப்பது அவள் பணி. தை பிறந்ததும் தன் தாயாரை அனுப்பி அவளைப் பெண் கேட்கச் செய்வதென்று கதிர்வேல் மனத்துக்குள் முடிவு செய்திருந்தான். அந்த முடிவுக்குத் தம்பிதுரை ஒருவனே தடையாகத் தோன்றினான்.

சென்ற திங்கட்கிழமை அவ்விருவரும் ஒரே நாளில் விடுப்பு எடுத்தனர். மறுநாள் அவள் நெற்றி நிறையக் குங்குமத்துடனும், அவன் மொட்டைத் தலையுடனும் வந்தார்கள். காதல் கைகூடியதற்கு நேர்த்திக்கடன் போலும் என்று எண்ணிய கதிர்வேலுக்கு அன்று மதிய உணவு இறங்கவில்லை.

இன்று காலை, தெய்வாத்தாள் பச்சைக் கேபினட்டின் சாவியைத் தொலைத்துவிட்டாள். அது முதலாளி ஏதோ ஒரு பழைய மில்லின் ஏலத்தில் எடுத்த இரும்புக் கேபினட். அதற்கு இருந்ததே ஒரு சாவிதான். மறுநாள் காலை வெளியூரிலிருந்து வரும் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய வரைபடங்கள் யாவும் அதனுள் இருந்தன.

மேலாளர் லட்சுமிநாராயணன் குரலை உயர்த்தவில்லை. மாலைக்குள் திறக்காவிட்டால் கடப்பாரையால் உடைத்துவிடலாம் என்றும், அதன்பின் சாவிப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். தெய்வாத்தாளின் கண்கள் கலங்கின.

கதிர்வேலுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பாகப் பட்டது. பூட்டின் முகத்தில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, தன் மொபெட்டில் ஒப்பணக்கார வீதிப் பூட்டுக் கடைக்கு விரைந்தான். எண்ணைச் சொன்னால் சாவி கிடைக்கும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். கடைக்காரரோ, அது மிகப் பழைய எண், பம்பாய்க்கு எழுதித்தான் வரவழைக்க வேண்டும் என்று கையை விரித்துவிட்டார்.

வெயிலில் வெந்து திரும்பியவன் அலுவலக வாசலிலேயே நின்றுவிட்டான். டவுன்ஹால் நடைபாதையில் சாவி செய்பவரைத் தம்பிதுரை தன் ஸ்கூட்டரிலேயே அழைத்து வந்திருந்தான். அவர் கேபினட்டின் முன் குத்துக்காலிட்டு அமர்ந்து, வெட்டாத சாவி ஒன்றை மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பாக்கி, பூட்டுக்குள் விட்டுத் திருகி, தடம் பதிந்த இடங்களை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

தம்பிதுரை தெய்வாத்தாளின் அருகே நின்று தேற்றினான். “அழுவாத அம்மணி. பொழுது போறதுக்குள்ள தொறந்துபோடலாம்.”

நீயென்றும் அம்மணியென்றும் பேசும் அளவுக்கு வளர்ந்துவிட்டதா என்று கதிர்வேல் உள்ளூரக் கொதித்தான். அவளோ தன் சாப்பாட்டுத் தூக்குப் போசியிலிருந்து கச்சாயம் என்னும் வெல்லப் பலகாரம் ஒன்றை எடுத்துத் தம்பிதுரைக்கு நீட்டினாள். அதே மேசைக்கு எதிரில் ஓராண்டாக அமர்ந்திருக்கும் தனக்கு அவள் ஒரு நாளும் ஒரு கச்சாயமும் நீட்டியதில்லை என்பது கதிர்வேலுக்கு அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

நான்கு மணிக்குப் பூட்டு திறந்துகொண்டது. மேலாளர் வந்து பார்த்தார். புதுச் சாவியைத் தெய்வாத்தாளிடமே விட்டுச் சென்றார். சாவிக்காரரைக் கொண்டுபோய் விடுவதற்காகத் தம்பிதுரையும் கிளம்பினான்.

கதிர்வேலால் அதற்குமேல் பொறுக்க இயலவில்லை. அவளுடைய மேசையருகே சென்றான்.

“ஏனுங்க, தம்பிதுரைக்கு உங்க மேல அக்கறை ரொம்பச் சாஸ்தியாட்ட இருக்குதுங்களே?”

“பின்னே இருக்காதுங்களா? நாங்க ரெண்டு பேரும் ஒரே கூட்டமுங்க. ஆபீசுலதான் சார்னு கூப்புடறனுங்க. வெளிய போனா அண்ணா தானுங்க.”

சென்ற திங்கட்கிழமை இரு குடும்பத்தாரும் சேர்ந்து குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்ததையும், தம்பிதுரை அங்கே முடியிறக்கியதையும் அவள் சிரித்தவாறே சொன்னாள்.

கொங்கு வேளாளருள் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலப்பிரிவில், பிறந்தவர்கள் உடன்பிறந்தாருக்கு ஒப்பானவர்கள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. கதிர்வேலின் நெஞ்சில் சில வாரங்களாக எரிந்துகொண்டிருந்த நெருப்பு ஒரு நொடியில் அவிந்தது. தம்பிதுரையைப் போன்ற நல்லவன் இந்தத் தொழிலகத்திலேயே இல்லை என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

தை வரையில் எதற்குக் காத்திருக்க வேண்டும், இன்றிரவே தாயாரிடம் சொல்லிவிடலாம் என்று எண்ணினான். சொன்னதும் தாயார் முதலில் கேட்கப்போகும் கேள்வி எதுவென்று அவனுக்குத் தெரியும். பொறாமையிலேயே நாளைக் கழித்தவன், அந்தக் கேள்வியை இதுவரை கேட்டதேயில்லை.

“அதெந்தக் கூட்டமுங்க?” என்றான் முகமலர்ச்சியுடன்.

“காடை கூட்டமுங்க,” என்றாள் தெய்வாத்தாள். “நீங்க?”

கதிர்வேல், வேறொரு கூட்டத்தின் பெயரைச் சொல்லிவிட எத்தனை நேரமாகும் என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்:

“இனி என்னையும் அண்ணான்னே கூப்பிடு, அம்மணி.”