பொம்மைத் தாடை

நாற்காலி பின்னால் சாய்ந்ததும் அவன் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

கையுறை மாட்டிக்கொண்டிருந்த பல் மருத்துவ மாணவியைப் பார்த்துக் கேட்டான். “டாக்டரம்மா, இதுவரைக்கும் எத்தனை பேருக்கு ஊசி போட்டிருக்கீங்க?”

“மனுஷங்களுக்கா? இதுதான் முதல் வாய்.”

“சுத்தம்.”

“பொம்மைத் தாடையில இருநூறு தடவை குத்தியிருக்கேன். பயிற்சி நேரத்துல ஒரு நிமிஷம் வீணாக்கல.”

அதைக் கேட்டதும் அவனுக்கு இன்னும் வியர்த்தது.

“கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வந்துடட்டுமா?”

“மூணு தடவை குடிச்சாச்சு. வாயைத் திறக்கலாம்.”

அருகில் நின்ற பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஊசி கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இறங்கியது. எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் கீழுதட்டில் பாதி மரத்துப்போனது. ஆனாலும் அவன் நாற்காலியின் கைப்பிடியை விடவில்லை.

பேராசிரியர் உதட்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு அவள் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டார்.

“சரி, ரெண்டு பேரும் இடம் மாறுங்க. இவனும் சரியாப் போட்டாதான் நாளையிலிருந்து நோயாளிகளைத் தொடலாம்.”

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் ஏறிச் சாய்ந்தாள். அவன் கையுறை மாட்டிக்கொண்டு புது ஊசியை எடுத்தான்.

“நீ பொம்மையில எத்தனை தடவைடா குத்தினே?”

பயிற்சி நேரம் முழுவதையும் கேன்டீன் பெஞ்சில் கழித்தவன், மரத்த உதட்டைத் தொட்டுக் காட்டி, பேச வரவில்லை என்று சைகை செய்தான்.

அவள் அதை நம்பி வாயைத் திறந்தாள்.