துடுப்பு வைத்த கார்

நினைவுகளைப் படமாக எடுத்துத் தரும் கடையில், பின்னணியில் தெரியும் பழைய கார்களை அடையாளம் சொல்வது கோமளவல்லியின் வேலை. அன்று, அனாதை விடுதியில் வளர்ந்த தாவீது வந்திருந்தார். அவருடைய குழந்தைக்கால நினைவில் ஒரு பெண் அவரைத் தூக்கிக்கொண்டு நின்றாள். முகம் கலங்கியிருந்தது; காரின் பின்பக்கம் மட்டும் தெளிவாக இருந்தது.

“மீன் துடுப்பு மாதிரி வால், நாலு கதவு. இது ஹெரால்டு காருங்க. இப்படிப் பச்சையும் வெள்ளையுமா அடிச்ச வண்டி உடுமலையில ஒரே வீட்லதான் இருந்துச்சு” என்றாள்.

மறுவாரம் உடுமலையிலிருந்து தாவீது போன் செய்தார்.

“அந்த வீட்ல எனக்கு ஒரு அக்கா இருக்காங்கம்மா. அப்பா ஜாடை அப்படியே இருக்குன்னு கையைப் பிடிச்சவங்க இன்னும் விடல.”

பின்னாலிருந்து ஓர் அதட்டல் கேட்டது. “போனை வச்சுட்டுச் சாப்பிடுடா, ஆறுது.”

“சரிக்கா” என்றார் அறுபது வயதுத் தாவீது.