டத்தோ மறுத்த மாப்பிள்ளை

"நாளைக்கு ஷரியா கோர்ட்டுக்குப் போறேன், அபா. கல்யாணத்துக்கு நீங்க சம்மதிக்கலைன்னா நீதிபதி சம்மதம் கொடுக்கட்டும்."

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று சுஹைலா காலையிலிருந்தே மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

டத்தோ மொக்தார் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாலைக் கூட்டத்துக்கான சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். வாசலில் கட்சிக்காரர்கள் லாரியில் கொடிகளை ஏற்றினார்கள். அடுத்த வாரம் தேர்தல்; டத்தோ பட்டம் வாங்கிய அவர் மலாய்க் கட்சியின் வேட்பாளர். "படகில் வந்தவர்கள் படகிலேயே போகட்டும்" என்று சீனர்களைப் பார்த்து அவர் பேசிய காணொளி ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தது. சந்தைப் பக்கம் ஒரு சீனர் கடையில் கண்ணாடியை உடைத்திருந்தார்கள். போலீஸ் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தது.

"போ. பத்திரிகைக்காரன் போட்டோ எடுப்பான், நல்லா சிரி," என்றார்.

"ஹாரிஸ்கிட்ட என்ன குறை? அதையாவது சொல்லுங்க."

அவர் அடுத்த பொத்தானுக்குப் போனார்.

ஹாரிஸ் சீனனாகப் பிறந்தவன். சுஹைலாவைச் சந்திக்கும் முன்பே இஸ்லாத்துக்கு வந்துவிட்டவன். பெற்றோர் இருவருமே இப்போது இல்லை. போன மாதம் அவன் பெண் கேட்டு வந்தபோது அபா முதலில் நன்றாகத்தான் பேசினார், தட்டில் தானே ரெண்டாங் கறி அள்ளி வைத்தார். அப்புறம் ஆரம்பித்தார். பழைய பெயர் என்ன, தகப்பன் பெயர் என்ன, எந்த ஊர், என்ன தொழில் என்று கிளறிக் கிளறிக் கேட்டார். ஹாரிஸ் எதையும் மறைக்கவில்லை, அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார் என்பதுவரை சொன்னான். அபாவின் கை சோற்றிலேயே நின்றது. எழுந்து கை கழுவி உள்ளே போனவர், இந்தக் கல்யாணம் நடக்காது என்று மட்டும் சொல்லியனுப்பினார்.

அந்த அவமானம் சுஹைலாவுக்கு இன்னும் எரிந்தது. முஸ்லிம் பெயரோடு வந்தவனிடம் சீனத் தகப்பனைத் தோண்டி எடுத்துப் பார்த்திருக்கிறார். பாவம், அவளைப் பெற்ற மாக்தான் வாசல்வரை போய் ஹாரிஸின் தலையில் கை வைத்து வெகு நேரம் நின்றாள். புருஷன் செய்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் சுஹைலா.

கட்சிச் செயலாளர் ஹாஜி சோப்ரிகூட எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "அந்தப் பையன் தலையில ஒரு தொப்பியைப் போட்டு மேடையில ஏத்துங்க, டத்தோ. நான் சீனனுக்கு எதிரியா, இதோ என் மருமகன்னு சொல்லுங்க. கண்ணாடி உடைஞ்ச பேச்சு அதோட அடங்கிடும்." அபா தேநீர்க் குவளையை ஓங்கி வைத்த வேகத்தில் சோப்ரி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

அன்றைக்குத்தான் சுஹைலாவுக்குள் ஏதோ அறுந்தது. அபாவின் மேடைப் பேச்சு, வீட்டுக்கு வந்ததும் கழற்றி மாட்டுகிற சட்டை மாதிரி என்றுதான் சின்ன வயதிலிருந்து தனக்குத்தானே சமாதானம் சொல்லி வந்தாள். பள்ளியில் சீனத் தோழிகள் அவளைவிட்டு விலகியபோதும் அந்தச் சமாதானம்தான் காப்பாற்றியது. ஓட்டே கிடைக்கும் என்று தெரிந்தும் வேண்டாம் என்கிறாரே, அப்படியென்றால் அது சட்டை இல்லை, தோல். இந்த மனிதர் முதுகில்தானே உப்புமூட்டை ஏறினோம் என்று நினைக்கவே கூசியது.

"கோர்ட்டுல உங்களைக் கூப்பிட்டுக் காரணம் கேப்பாங்க," என்றாள். "அவன் சீனன்னு சொல்லுவீங்களா? மார்க்கத்துக்கு வந்தவனை அப்படித் தள்ள இடமில்லை. நீங்க தோத்துப்போவீங்க, அபா."

கடைசிப் பொத்தானில் அவர் விரல்கள் நின்றன.

மூலையில் அவருடைய இடுப்புத் துணியை மடித்துக்கொண்டிருந்த மாக், அதை அப்படியே கீழே வைத்தாள். "அவளைப் போக விடாதீங்க, அபாங்," என்றாள் கணவனிடம். "அங்கே சத்தியம் வாங்கிக் கேப்பாங்க."

"கல்சோம், உள்ளே போ."

"போகமாட்டேன். ஒரு மாசமா உங்க பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கிட்டிருந்தேன். பிள்ளை பாவத்துல விழப்போகுது."

"என்ன பாவம்?" சுஹைலா சீறினாள். "சீன ரத்தம், அதுதானே?"

மாக் மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"நீ பிறந்த வருஷம் நாங்க தெமர்லோவுல இருந்தோம். ஆத்து வெள்ளம் வீட்டுக்குள்ள வந்துடுச்சு. ஊரே பள்ளிக்கூட மாடியில கிடந்தது. சைக்கிள் கடைக்காரர் பொண்டாட்டி பிரசவமான கையோட ஜுரத்துல விழுந்துட்டா, பால் இல்ல. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமக் கிடந்தான். அவனைத் தூக்கிட்டு வந்து என் மடியில போட்டு, இவனுக்கும் கொடுன்னு சொன்னது உன் அபாதான். வெள்ளம் வடியிற வரைக்கும் நீ ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்." மாக் மூச்சு வாங்கினாள். "நம்ம மார்க்கத்துல ஒருத்தி பாலைக் குடிச்சவங்க கூடப் பிறந்தவங்க, சுஹைலா. அந்தக் குழந்தைதான் ஹாரிஸ். கூடப் பிறந்தவனுக்கே உன்னை எப்படிக் கட்டி வைக்கிறது?"

சுஹைலாவுக்கு அழுகை வரவில்லை. அபாவைத்தான் பார்த்தாள்.

"ஏன் அபா... அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

வெளியே ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொல்லிக் கூவத் தொடங்கியது. டத்தோ மொக்தார் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டார்.

"யாராவது கேட்டா, பால் கொடுத்ததைச் சொல்லாதே, சீனன்னுதான் அபா வேண்டாம்னுட்டார்னு சொல்லு," என்றார் தணிந்த குரலில். "எனக்கு ஓட்டுப் போடுறவங்களுக்கு அது போதும்."