பாக்கியவதி சொன்ன குறைகள்

கதவைத் திறந்த பெண், வாங்க என்று சொன்ன கையோடு முதல் குறையையும் சொல்லிவிட்டாள்.

"பார்த்து வாங்கக்கா, வாசப்படி உசரம். வர்றவுக பாதிப்பேரு இங்கன தடுக்கித்தான் உள்ளயே வாராக."

சாலிஹாவுக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துப் போயிற்று.

விருதுநகரில் இது அவர்கள் பார்க்கும் பன்னிரண்டாவது வீடு. கணவர் பீர் முகைதீனுக்கு பஜாரில் வத்தல் வியாபாரம். அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்படி. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக சாலிஹா ஒரு டீ போடுவதற்கும் முறை பார்த்து நிற்கிறாள்.

இது வங்கி ஏலத்துக்கு வந்த வீடு. சொந்தக்காரர் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவர். இரண்டு சீசன் சேர்ந்தாற்போல் காலை வாரிவிட, வீட்டை வங்கியிடம் விட்டுவிட்டு கோயம்புத்தூரில் மகனிடம் போய்விட்டார். இப்போது இருப்பவர்கள் ஒன்பது வருஷமாக வாடகைக்குக் குடியிருப்பவர்கள். கதவைத் திறந்த பாக்கியவதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் பின்னால் நின்ற கணவர் சாலமன்ராஜ் பள்ளிக்கூட வாத்தியார்.

ஏல வீட்டில் கை வைக்காதே என்று பாதிப் பேர் பீர் முகைதீனை எச்சரித்திருந்தார்கள். விட்டுவிடாதே என்று மீதிப் பேர் உசுப்பேற்றியிருந்தார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். வில்லங்கம் உண்டா, வீட்டுத் தீர்வை பாக்கியா, குடியிருப்பவர்கள் ஒழுங்காகக் காலி செய்வார்களா.

வங்கியிலிருந்து கூட வந்திருந்த மணிகண்டராஜ் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். "பத்திரம் பக்கா சார். ஆனா வீடு உள்ளது உள்ளபடிதான். வாங்கின பெறகு ஒழுகுதுன்னு பேங்குக்கு வந்துறப்படாது."

"ஒழுகும்" என்றாள் பாக்கியவதி உடனே. "இந்த மூலையில ஒரு குண்டான் வைக்கணும். ஐப்பசியில ரெண்டு."

படுக்கையறைக்குப் போனார்கள். ரயில் போனால் அங்கே கட்டில் ஒரு சாண் நகரும் என்றாள். பக்கத்துப் பருப்பு மில் ஓடினால் காயப்போட்ட துணியெல்லாம் மஞ்சள் பூத்துவிடும் என்றாள். குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்துவிட்டால் உள்ளே இருப்பவர் கதவைத் தட்டித்தான் வெளியே வர வேண்டும் என்றும், ஒரு தடவை போதகரே அப்படி மாட்டிக்கொண்டார் என்றும் சொன்னாள்.

ஒவ்வொரு குறைக்கும் பீர் முகைதீனின் முகம் ஒரு பிடி சுருங்கியது. சாலிஹாவுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுப்படியில் அவள் நின்றுவிட்டாள்.

கிழக்குப் பார்த்த ஜன்னல். வெயில் நேரே மேடையில் விழுந்து கிடந்தது. கிரைண்டர் எங்கே, மிக்ஸி எங்கே என்று அவள் மனசு அதற்குள் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டது. யாரும் வராத காலையில், தனக்கே தனக்கு என்று ஒரு டம்ளர் டீ.

பீர் முகைதீன் அவள் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லு. உனக்குப் பிடிச்சா ஏலம் கேட்ருவோம்" என்று காதோடு சொல்லிவிட்டு, தளத்தைப் பார்க்க சாலமன்ராஜோடு மாடிப்படி ஏறினார்.

சாலிஹா கொல்லைப்பக்கம் போனாள். பாக்கியவதி பின்னாலேயே வந்தாள்.

"போர்த் தண்ணி சுத்த உப்புக்கா. துவைக்கத்தான் ஆகும். குடிக்க லாரித் தண்ணிதான்."

அதற்குள் மணிகண்டராஜ் எதற்கோ கூப்பிட, அவள் உள்ளே போனாள்.

சாலிஹா குழாயைத் திறந்து சொம்பில் பிடித்தாள். ஒரு வாய் குடித்தாள். பாக்கியவதி போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

பீர் முகைதீன் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவள் வாசலுக்கே வந்திருந்தாள்.

"வேண்டாம்ங்க. தண்ணி வாயில வைக்க முடியல."

"அதான் பார்த்தேன்" என்றார் அவர் அவசரமாக. "மேலயும் பெரிய விரிசல். நமக்கு ஆகாது."

மணிகண்டராஜுக்கு முகம் தொங்கிப் போயிற்று. பாக்கியவதி வாசல்வரை வந்து, சாலிஹாவின் கையைப் பிடித்து, படியில் பத்திரமாக இறக்கிவிட்டாள்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. பீர் முகைதீன் வண்டியை அணைத்தார். சரக்கு ரயில் ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்கிடாத சாலிஹா" என்றார், திரும்பிப் பார்க்காமல். "தளத்துல விரிசலெல்லாம் ஒண்ணும் இல்ல. மேல போனதும் அந்த வாத்தியாரு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'அண்ணே, இந்த வீட்டை நாங்களும் கேக்கோம். நீங்க போட்டி போட்டா எங்களால ஏற முடியாது. அவ எதையாவது சொல்லி ஆளை விரட்டிருவா, எனக்கு அந்த வாய் கெடையாது'ன்னாரு. கேட்கமாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். உனக்கு அடுப்படி அம்புட்டுப் பிடிச்சிருக்கே, உன்ட்ட எப்படிச் சொல்லன்னு கீழ வாரேன், நல்லவேளை தண்ணி சரியில்லன்னு நீயே சொல்லிட்ட."

கடைசிப் பெட்டியும் போய் கேட் மேலே எழும்பியது. பின்னாலிருந்த லாரிக்காரன் ஆரன் அடித்தான்.

சாலிஹா அவர் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இளநி கணக்கா இருந்துச்சுங்க. அந்தத் தண்ணியைப் போய் உப்புன்னு சொல்றான்னா, அவளுக்கு அந்த வீடு எம்புட்டு வேணும்!"