மைண்ட் பண்ணாதவள்

ஓனுகி மறுபடியும் கையைத் தூக்கினாள்.

ஹிசாயேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடம் ஆரம்பித்து அரைமணி நேரமாகியும் ‘மைண்ட்’ என்ற ஒரே சொல்லிலேயே வகுப்பு நின்றுகொண்டிருந்தது.

பெப்பு நகரத்துச் சமூகக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் காலையில் நடக்கும் ஆங்கில வகுப்பு அது. பதினோரு பேரில் பாதிப்பேர் பொழுது போகாமல் வந்தவர்கள். ஹிசாயே அப்படி இல்லை. வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக வரவேற்பு மேஜையில் இருப்பவள். வெளிநாட்டு விருந்தாளிகள் குவிய ஆரம்பித்ததும், ஊழியர்களுக்கு ஆங்கிலப் பரீட்சை வைக்கப்போவதாக முதலாளி அறிவித்துவிட்டார். தேறாதவர்கள் பின்கட்டில் பாத்திரம் கழுவ வேண்டியதுதான்.

இதையெல்லாம் முதல் நாளே வகுப்பில் சொல்லியிருந்தாள். அப்படியும் இந்த ஓனுகி விடுவதாக இல்லை.

யாராவது ‘வுட் யூ மைண்ட்’ என்று ஆரம்பித்து ஜன்னலைத் திறக்கச் சொன்னால், சரி என்பதற்கு ‘நோ’ என்று பதில் சொல்லவேண்டும் என்று ஆசிரியர் குசாகா அப்போதுதான் விளக்கி முடித்திருந்தார்.

“சார், திறக்கறேன்னா எஸ்தானே சொல்லணும்? நோ சொன்னா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

குசாகா பொறுமையாகத்தான் சொன்னார். “திறப்பீங்களான்னு அவங்க கேக்கல. திறக்கறதுல ஆட்சேபணை உண்டான்னு கேக்கறாங்க. நீங்க எஸ்னு சொன்னா, ஆமா, உண்டு, முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும்.”

கை இறங்கவில்லை. பந்தைக் கோட்டைவிட்டவனைப் பார்த்து, பரவாயில்லை விடு என்பதற்கு மைதானத்தில் ‘டோன்மாய்’ என்று கத்துகிறோமே, அதுவும் இதே மைண்ட்தானா என்றாள். அதேதான், ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் ‘நெவர் மைண்ட்’ என்றுதான் சொல்வார்கள் என்றார். ‘மேக் அப் மை மைண்ட்’ என்றால் மனசுக்கு மேக்கப் போடுவதா என்று அடுத்த கேள்வி. வகுப்பே சிரித்தது. ஓனுகியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

போன வாரம் இதைவிட மோசம். அடுத்த வீட்டில் போய், ‘கழிவறையைக் கொஞ்சம் இரவல் வாங்கிக்கட்டுமா’ என்று நம் பாஷையில் வழக்கமாகக் கேட்பதை அப்படியே ‘பாரோ’ போட்டு ஆங்கிலத்தில் கேட்கலாமா என்று கேட்டு இருபது நிமிஷத்தைத் தின்றாள். அப்படிக் கேட்டால் பெயர்த்து எடுத்துக்கொண்டு போகப் போகிறீர்கள் என்று நினைப்பார்கள் என்றார் குசாகா.

சலவைக்கடை வைத்திருக்கிற இவளுக்கு எதற்கு இத்தனை ஆங்கிலம் என்று ஹிசாயேவுக்கு மனசுக்குள் எரிந்தது. பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது.

அன்று வகுப்பு முடிந்ததும் நேராகச் சமூகக்கூட அலுவலகத்துக்குப் போனாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஒருத்தங்களால பத்து பேர் படிப்பு கெடுது. அவங்களை வேற ஏதாவது சின்ன வகுப்புல போட முடியுமான்னு பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் வெளிய தெரிய வேண்டாம்.”

அலுவலகப் பெண் தலைகுனிந்து வணங்கிக் குறித்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஓனுகி வரவில்லை.

பாடம் ஓட்டமாக ஓடியது. காலை உணவு ‘பத்து மணி வரை’ கிடைக்கும் என்பதற்கு ஒரு சொல். அறையைப் ‘பத்து மணிக்குள்’ காலி செய்யவேண்டும் என்பதற்கு இன்னொரு சொல். குசாகா இரண்டையும் சொல்லிவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஹிசாயேவும் ஆட்டினாள்.

ஆனால் எது எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. விடுதியில் தினமும் பத்து தடவை சொல்லவேண்டிய சேதி. கேட்டால் என்ன என்று தோன்றியது. இருபத்தாறு வருஷ அனுபவக்காரிக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களே என்று மடியிலிருந்த கை எழவே இல்லை. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. குசாகா பக்கத்தைப் புரட்டிவிட்டார். அதற்குப் பிறகு வந்ததும் அப்படியேதான் போயிற்று.

வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி அவரிடம் போனாள். பாடத்தைப் பற்றிக் கேட்க அப்போதும் வாய் வரவில்லை.

“ஓனுகி அம்மாவை வேற வகுப்புக்கு மாத்திட்டாங்களா சார்?”

“எங்க மாத்தறது? யாரோ அலுவலகத்துல புகார் சொல்லியிருக்காங்க. யாருன்னு கூடக் கேக்காம, தொந்தரவுக்கு மன்னிக்கணும்னு சொல்லிட்டு நின்னுட்டாங்க.” கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “துறைமுகத்துல ஒரு கப்பல் கம்பெனியில பதினாலு வருஷம் மொழிபெயர்ப்பாளரா இருந்தவங்க அவங்க. என்னைவிட நல்லா பேசுவாங்க. பேசி ரொம்ப நாளாச்சு, வாய் துருப்பிடிச்சுப் போச்சுன்னுதான் வந்தாங்க.”

ஹிசாயேவுக்குக் குழம்பியது. “அப்புறம் ஏன் சார் அப்படியெல்லாம் கேட்டாங்க?”

குசாகா துடைப்பதை நிறுத்தினார்.

“சொல்ல வேண்டாம்னாங்க. இனிமே என்ன. ரெண்டாவது வாரமே வந்து என்கிட்ட அனுமதி கேட்டாங்க. ‘என் பக்கத்துல இருக்கறவங்க தப்புத் தப்பா எழுதிக்கறாங்க சார். கேக்கக் கூச்சப்படறாங்க. பாவம், வேலை அதை நம்பி இருக்கு. அவங்களுக்குப் பதிலா நான் கேட்டுக்கறேன், என்னை முட்டாள்னு நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்’னு.”

ஹிசாயே திரும்பி, காலியாகக் கிடந்த அந்த நாற்காலியைப் பார்த்தாள்.

அதற்கு ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் அவளுடைய நாற்காலி.