பின்னணியை வெட்டு

ஜெபசீலி டிசைனிங் படித்துவிட்டு வேலை கேட்டு ஏறிய பதினோராவது கடை அது. ஃபிளெக்ஸ் கடை பொன்னுத்துரை அண்ணாச்சி அவளைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அவசர ஆர்டரும்மா. இதையே டெஸ்ட்டா வச்சிக்கிடுவோம். பின்னாடி தெரியுத சுவர வெட்டிட்டு ஒரு விமானத்த வையி."

படம் திறந்தது. கறுப்பு அங்கியும் தொப்பியுமாக, சுண்ணாம்பு உதிர்ந்த வகுப்பறைச் சுவரோரம் சிரித்துக்கொண்டிருந்தது அவளேதான். அவள் படித்த பயிற்சி மையத்தின் பேனர். மேலே கொட்டை எழுத்தில், 'எங்கள் மாணவி இன்று சிங்கப்பூரில் சீனியர் டிசைனர்!'

அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள்.

"என்னம்மா மலைச்சுப்போய் இருக்க? வெட்டு."

தன் தலைமுடியின் ஓரமாகவே புள்ளி புள்ளியாக வைத்து வெட்டத் தொடங்கினாள். காதைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, பிசிறில்லாமல் வந்தது.

"அடேயப்பா! நாளையிலருந்தே வந்துரு" என்றார் அண்ணாச்சி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கீழ பேரு மட்டும் பாக்கி. மையத்துக்காரங்களுக்கு அந்தப் புள்ள பேரு மறந்துபோச்சாம், நல்ல பேரா ஒண்ணு நீங்களே போட்டுக்கிடுங்கன்னுட்டாங்க. ஆமா, உம் பேரு என்ன சொன்ன?"